சுவத்துல ஊசி குத்தி ஈரம் காட்டுறவங்ககிட்ட உஷாரா இருங்க

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கம் வீடு வச்சிருக்கவங்க கொஞ்சம் படிச்சுருங்க. சாரல் ஆரம்பிச்சா போதும், "சுவர் ஈரம் ஃப்ரீயா செக் பண்றோம்"னு ஒரு மெஷினைத் தூக்கிட்டு வந்துருதாங்க. எங்க அப்பாகிட்ட இப்படித்தான் 18,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிட்டுப் போயாச்சு.

மேக்க பாத்த சுவத்துல ஜன்னலுக்குக் கீழ பெயிண்ட் பொங்கி வெள்ளையா உப்பு பூத்துக் கிடந்துச்சு, வந்த ஆளு கரெக்டா அந்த உப்பு மேலயே ரெண்டு ஊசியையும் குத்தி பீப் பீப்னு கத்தவிட்டு, "பாருங்க அண்ணாச்சி, 38 பர்சன்ட், அஸ்திவாரத்துல இருந்து தண்ணி ஏறுது, சுவர் பூரா ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்"னு 65,000-க்கு கொட்டேஷன் போட்டுட்டார்.

நான் வீட்டுக்கு வரும்போது ஆளு கிளம்பிட்டு இருந்தார், மெஷின் திண்ணையில கிடந்துச்சு. எடுத்துப் பாத்தா டிஸ்பிளேல மரம் படம்! அந்த ஊசி மீட்டர் தண்ணியை நேரா அளக்காது, ரெண்டு ஊசிக்கு நடுவுல கரன்ட் எவ்வளவு ஈசியா போகுதுன்னு பாத்து, மரத்துக்கான கணக்குல பர்சன்டா மாத்திக் காட்டும். சிமென்ட் பூச்சுல வர்ற 38 நிஜமான 38 கிடையாது. உப்பு இருந்தா கம்மி ஈரத்துக்கே எகிறும், உள்ள ஆணியோ கம்பியோ சிக்கினா கேக்கவே வேணாம். இதைக் கேட்டா "சார், இது ஃபாரின் மெஷின்"ங்காரு.

கீழ இருந்து ஏறுற ஈரம்னா தரையை ஒட்டித்தான் மோசமா இருக்கணும், பொதுவா மூணு நாலு அடிக்கு மேல ஏறாது. எங்க வீட்ல தரைப்பக்கம் நல்லா காஞ்சு கிடக்கு. கொத்தனார் மாமா ஏணி போட்டுப் பாத்தா சன்ஷேடும் சுவரும் சேர்ற இடத்துல விரிசல், பத்து ரூபா நாணயத்தைச் சொருகினா நிக்குது. கணவாய்க் காத்து சாரலை அடிக்கிற அடிக்கு தண்ணி நேரா உள்ளதான். 2,000-க்குள்ள வேலை முடிஞ்சுது.

மீட்டரோட யாராச்சும் வந்தா நல்லா காஞ்ச உள்சுவத்துலயும் குத்தச் சொல்லுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விசயம். இல்லன்னா ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் வேர்த்தா ஈரம் சுவத்துல இருந்து வருது, வெளிப்பக்கம் வேர்த்தா ரூம் காத்துல உள்ள ஈரம். துல்லியமா வேணும்னா பூச்சுத் துண்டை எடை போட்டு 105 டிகிரில காயவச்சு திரும்ப எடை போடணும் (ஜிப்சம் பூச்சுக்கு இது ஆகாது, அதோட சொந்தத் தண்ணியும் போயிரும், 40 கிட்டதான் வைக்கணும்).

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டா "மெட்டீரியல் ஆர்டர் போட்டாச்சு"ன்னாரு, பில் கேட்டதுல இருந்து போனே எடுக்கல. கொட்டேஷன்ல என்ன கெமிக்கல்னு பேர்கூட கிடையாது. வயசானவங்க தனியா இருக்க பகல் நேரமா பாத்துதான் வாராங்க. இதே மாதிரி குடுத்து ஏமாந்தவங்க இருந்தா சொல்லுங்க, சேந்து ஸ்டேஷன்ல மனு குடுக்கலாம், நான் அந்தக் கொட்டேஷனைப் பத்திரமா வச்சிருக்கேன்.