போஸ்ட்கிரஸ் லாக்: கிழமைப் பெயரா, தேதிப் பெயரா, லாக்ரொட்டேட்டா?

ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்தான், ஆனால் எந்த லினக்ஸில் நிறுவுகிறோமோ அதற்கேற்ப அதன் லாக் கோப்புகள் (பிழைகளையும் நடப்புகளையும் பதியும் கோப்புகள்) வேறு மாதிரி சேரும். ரெட்ஹேட் வகைகளில், லாக் செய்திகளை வாங்கிக் கோப்பில் எழுதும் போஸ்ட்கிரஸின் லாக்கிங் கலெக்டர் இயக்கப்பட்டே வரும், கோப்புகளுக்குக் கிழமைப் பெயர் இருக்கும். டெபியன், உபுண்டுவில் கலெக்டர் அணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரே கோப்பு வளர்ந்துகொண்டே போகும், வாரம் ஒருமுறை லாக்ரொட்டேட் என்ற லினக்ஸ் கருவி வந்து அதைச் சுழற்றும், அதாவது பழையதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும். பலரும் வந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் முன்பு நடந்த கோளாறைப் பற்றி இன்று யாராவது கேட்டால் லாக் கையில் இருக்குமா? அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பேன்.

கிழமைப் பெயர் முறையின் கவர்ச்சி புரிகிறது. ஏழே கோப்புகள். அடுத்த திங்கள் வந்ததும் பழைய திங்கள் அழிந்து புதிதாகத் தொடங்கும், துப்புரவுக்கு க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எதுவும் எழுத வேண்டாம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பின்னோக்கிப் பார்க்க வழியே இல்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு: நேரக் கணக்கில் கோப்பு மாறும்போது மட்டும்தான் பழையது அழிக்கப்படும். சர்வர் நள்ளிரவில் நின்றிருந்து திங்கள் காலை எழுந்தால், போன வாரத் திங்கள் கோப்பின் வாலிலேயே எழுதத் தொடங்கிவிடும். இரண்டு வாரங்களின் பிழைச் செய்திகள் ஒரே கோப்பில் கிடக்கும். அளவுக் கட்டுப்பாடும் இங்கே உதவாது. 10 மெகாபைட் தாண்டியதும் சுழற்றச் சொன்னாலும் பெயர் அதேதான், அதனால் அதே கோப்பு தொடர்ந்து வளரும். யாராவது எல்லா எஸ்கியூஎல் கட்டளைகளையும் லாக் செய்யும்படி மாற்றிவிட்டு மறந்தால், ஒரே நாள் கோப்பு வட்டை நிரப்பிவிடும். டேட்டா மாற்றங்களை முன்கூட்டியே பதியும் WAL கோப்புகளும் அதே வட்டில் இருந்தால் எழுத இடமில்லாமல் டேட்டாபேஸே நின்றுபோகும்.

தேதியோடு மணி, நிமிடம், நொடி வரை பெயரில் வைப்பதுதான் போஸ்ட்கிரஸின் சொந்த இயல்புநிலை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 10 மெகாபைட் ஆனதும் புதுக் கோப்பு. பெயர் மோதாததால் இரண்டு வரம்புகளும் ஒழுங்காக வேலை செய்யும். நேற்று மாலை நாலு மணிக்கு என்ன நடந்தது என்று தேட, பெயரைப் பார்த்தே சரியான கோப்பைத் திறக்கலாம். குறை ஒன்றுதான்: போஸ்ட்கிரஸ் பழையதை ஒருபோதும் தானாக அழிக்காது. முப்பது நாள் தாண்டியதை நீக்க க்ரானில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும். எனக்கு இதுதான் முதல் தேர்வு.

சரி, லாக்ரொட்டேட்? டெபியனில் அது பத்து பழைய கோப்புகளைச் சுருக்கி வைத்திருக்கும், அதாவது சுமார் இரண்டரை மாத வரலாறு. அந்த வகையில் கிழமை முறையை விட மேல். அது கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்கிறது. இரண்டுக்கும் நடுவிலான சின்ன இடைவெளியில் எழுதப்படும் வரிகள் தொலையக்கூடும். சின்ன சர்வருக்கு இது பெரிய விஷயமில்லை. தணிக்கைக்காக லாக் வைத்திருப்பவர்கள் இதை ஏற்கக் கூடாது.

லினக்ஸின் பொது லாக் சேவையான சிஸ்லாக்குக்கு அனுப்புவதும் உண்டு. சுமை ஏறினால் கலெக்டர் செய்தியை விடாமல் சர்வரைக் காக்க வைக்கும், சிஸ்லாக் செய்தியைக் கைவிடும். பல சர்வர்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தால் தவிர நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

கலெக்டரை இயக்க சர்வரை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். பெயர், கால அளவு, கோப்பு அளவு ஆகியவற்றை மாற்ற ரீலோடு (சர்வரை நிறுத்தாமல் அமைப்புகளை மறுபடி படிக்க வைப்பது) போதும். அதனால் கலெக்டரை முதல் நாளே இயக்கிவிடுங்கள். அப்படியே லாக் அடைவை டேட்டா அடைவுக்கு வெளியே, முடிந்தால் தனி வட்டில் வையுங்கள். இயல்பாகக் கோப்பு உரிமை 0600 (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) என்பதால் லாக் திரட்டும் கருவி வேறு பயனராக ஓடினால் படிக்க முடியாது. அதை 0640 (குழுவினரும் படிக்கலாம்) ஆக்கி, அந்தக் கருவியின் பயனரை உரிய குழுவில் சேர்த்துவிடுங்கள்.