உணவுக் குறிப்பு எழுத எது சரி: நோட்டா, ஆப்பா, போட்டோவா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் சாப்பிட்டதைக் குறித்துவைக்க மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள்: நாற்பது பக்க நோட்டு, போனில் ஒரு ஆப், தட்டைப் படமெடுப்பது. முதல் இரண்டு வாரம் ஆப், பிறகு நோட்டு, விசேஷ வீட்டில் மட்டும் போட்டோ என்பது எங்கள் கட்சி.

எழுதினால் எடை இறங்குமா? 2008-இல் அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் எழுதியவர்களுக்கு எழுதாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடை குறைந்தது. எழுதுகிற ஒழுங்கு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டிலும் ஒழுங்கு இருந்திருக்கலாம், அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இதைவிட நமக்குப் பயன்படுவது 1992-இல் வந்த ஆய்வு. "எவ்வளவு குறைச்சாலும் எடை இறங்கலை" என்றவர்களை அளந்து பார்த்தால், சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டாம். கண்ணில் படாதது கணக்கில் ஏறுவதில்லை. செட்டிநாட்டுச் சமையலில் கண்ணில் படாதவை இரண்டு: எண்ணெய், இடைப்பலகாரம். இந்த இரண்டையும் எந்த வழி பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆப்

ஹெல்திஃபைமீ, மைஃபிட்னஸ்பால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நியூட்ரிஃபை இந்தியா நவ் என்று பல இருக்கின்றன. கூட்டல் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எந்தப் பண்டத்தில் எவ்வளவு கலோரி என்ற பழக்கம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்காகவே அது வேண்டும்.

சறுக்குவது பெயரில். "அரிசி" என்று தேடினால் வேகாத அரிசியும் வரும், வெந்த சோறும் வரும். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. 100 கிராம் சோறு சுமார் 130. 150 கிராம் சோற்றை அரிசியாகப் பதிந்தால் 195 இருக்க வேண்டிய இடத்தில் 525 நிற்கும். இன்னொன்று, "செட்டிநாடு சிக்கன்" என்று யாரோ ஏற்றிய கணக்கில் தேங்காய் அரைத்து ஊற்றினார்களா, எத்தனை கரண்டி எண்ணெய் என்பது தெரியாது. வெண்டைக்காய் மண்டி, கும்மாயம் போன்ற செட்டிநாட்டுப் பண்டங்களைத் தேடினால் பல ஆப்களில் கிடைக்காது. கிடைக்காததை ஆள் பதியாமலே விட்டுவிடுவார்.

இதற்கு வழி, அந்தப் பண்டத்தை ஆப்பில் நீங்களே ஏற்றுவது. கோழிக் குழம்புக்குப் போகும் எல்லாவற்றையும் ஒருமுறை எடை போடுங்கள். ஆன குழம்பைச் சட்டியோடு எடை போட்டு, வெறும் சட்டி எடையைக் கழியுங்கள். (பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஊர் இது, பக்கத்திலேயே வெறும் எடையையும் எழுதி வைக்கலாம்.) 100 மில்லி கடலை எண்ணெய் விட்டு, குழம்பு 1,800 கிராம் வந்தால், 200 கிராம் எடுப்பவருக்கு எண்ணெயிலிருந்து மட்டும் சுமார் 90 கலோரி. அடியோடு கிளறி எடுக்க வேண்டும். மேலாக அள்ளினால் மிதக்கும் எண்ணெய் முழுக்க உங்கள் கிண்ணத்துக்கு வந்துவிடும்.

நோட்டு

பேரேடும் குறிப்பேடும் வைத்து ரங்கூன் வரை வரவு செலவு பார்த்த வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறிப்பேட்டுக்கு உள்ள விதிதான் இதற்கும்: நடந்த உடனே எழுது. ராத்திரி படுக்கும்போது யோசித்து எழுதினால் காபி, உப்புப் பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்தது மூன்றும் விடுபடும்.

நேரம், பண்டம், அளவு, அப்போது இருந்த பசி (0 முதல் 5 வரை) என்று நாலு பத்தி போதும். அளவை எண்ணிக்கை, கரண்டி, ஆழாக்கு என்று வீட்டு அளவிலேயே எழுதுங்கள். அந்தக் கரண்டி எத்தனை மில்லி என்று ஒரே ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் குறித்தால் தீர்ந்தது. ஆழாக்கு 168 மில்லி.

நோட்டு ஆப்பை முந்துவது அடுப்படியில். தாளிக்கிறவருக்கு உங்கள் ஆப் தெரியாது. ஆனால் எண்ணெய் ஜாடி பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் தொங்கினால், "ஆச்சி, இன்னைக்கு எத்தனை கரண்டி விட்டீக?" என்று கேட்டுக் கோடு போட்டுவிடலாம். "கணக்காத்தான் ஊத்துவேன்" என்று பதில் வந்தால், ஜாடியையே எடை போடுங்கள்: திங்கட்கிழமை காலை ஒரு எடை, அடுத்த திங்கள் ஒரு எடை. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 38 கிராம், ஏறத்தாழ 345 கலோரி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்ற மாதிரித் தட்டுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காட்டுவது 27 கிராம். இந்த ஒரு கணக்கு, தட்டில் உள்ள ஒவ்வொரு பருக்கையையும் பதிவதைவிட அதிகம் சொல்லும்.

பொரிக்கிற பண்டத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி தலை தட்டி, உளுந்து கோபுரமாக என்ற அளவு எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் எவ்வளவு குடித்தது என்பதுதான் தெரியாது. ஊற்றும் முன் சட்டியோடு எண்ணெயை எடை போடுங்கள். பொரித்து முடித்து நன்றாக ஆறிய பிறகு மறுபடி போடுங்கள். சூடான சட்டியை வைத்தால் எடைமானி கெட்டுவிடும். வீட்டு டிஜிட்டல் எடைமானி பலவும் 5 கிலோ வரைதான், கனத்த இரும்புச் சட்டி வேண்டாம். உதாரணத்துக்கு 90 கிராம் குறைந்து 30 பணியாரம் வந்திருந்தால், ஒன்றுக்கு 3 கிராம் எண்ணெய், 27 கலோரி. வடிதட்டில் சொட்டியதைக் கழித்தால் இன்னும் சரியாக வரும்.

பலகார டின்னுக்கு ஒரு சீட்டு. பத்துத் தேன்குழலை எடை போட்டு ஒன்றின் எடையை மூடியில் ஒட்டுங்கள். எடுக்கிறவர் கோடு போட்டுவிட்டு எடுக்கட்டும். சீட்டு ஒட்டிய டின் மெதுவாகத்தான் காலியாகும்! கவுனி அரிசி (கறுப்பு அரிசி) இனிப்பையும் எழுத வேண்டும். "அது உடம்புக்கு நல்லது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அதில் சேர்ந்த சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் உடம்புக்கு வேறு கணக்குச் சொல்லும்.

போட்டோ

ஐந்து நொடி வேலை, உணவு ஆலோசகரிடம் காட்டவும் வசதி. ஆனால் தினசரிக்கு ஆகாது: எண்ணெய் படத்தில் தெரியாது, படங்கள் போனிலேயே கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரே தட்டு என்றால் அளவாவது ஓரளவு பிடிபடும். இலைக்கு விளிம்பும் கிடையாது, ஒரே அளவும் கிடையாது.

கல்யாண வீட்டில் நோட்டை விரிக்க முடியாது, அங்கே இதுதான் கை கொடுக்கும். முதல் பரிமாறலை மட்டும் எடுத்தால் சாப்பிட்டதில் ஒரு பங்குதான் படத்தில் இருக்கும். எழும் முன் இலையை இன்னொரு படம் எடுத்து, மறுமுறை வாங்கியதை வாட்ஸ்அப்பில் தனக்கே ஒரு வரி அனுப்பிக்கொள்ளுங்கள். அன்றிரவே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். மறுநாள் காலை எடை ஒரு கிலோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த தண்ணீர். வாரச் சராசரியைப் பாருங்கள்.

எக்செல் தாள் கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அடுப்படிக்கு வராது. கலோரி எண்ணே மண்டையைக் குடைகிறவர்கள் ஆப்பைத் தொடாமல், நோட்டில் பண்டமும் பசியும் மட்டும் எழுதலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; மருந்து அப்படியே இருந்து சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டி, அதிகம் ஏறிய மூன்று பண்டங்களுக்கு அடிக்கோடு போட்டு, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று நோட்டும் சொல்லாது.