பழைய ஷெவெல்லை டிராக் ரேஸுக்குத் தயார் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவில் பழைய மசில் காரை வைத்துக்கொண்டு நல்ல கடை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். எனக்குப் பணம் போனது உண்மைதான். ஆனால் இதை எழுத வைத்தது பணம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் கழன்று வரக்கூடிய நிலையில் இருந்த காரை, "எல்லாம் ரெடி, தாராளமாக மிதிக்கலாம்" என்று சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

கார் 1970 ஷெவர்லே ஷெவெல். 1975 வரையிலான கார்களுக்கு இங்கே புகைப் பரிசோதனை கிடையாது. அதனால் அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சின் வேலை செய்ய நிறையப் பேர் இறங்குகிறார்கள். பே ஏரியாவில் நம் நண்பர்கள் சிலரும் அப்படி இறங்கியிருப்பது எனக்குத் தெரியும்.

பேசி முடித்த வேலை இதுதான்: 454 கன அங்குல பிக் பிளாக் எஞ்சின், அதில் ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய போர்ட் (காற்று உள்ளே போகும் வழி) ஹெட், 525 குதிரைத்திறன். டர்போ 400 கியர்பாக்ஸுக்கு 3,000 ஆர்பிஎம் ஸ்டால் கன்வெர்ட்டர் (எஞ்சின் அந்தச் சுற்றுக்குப் பக்கம் வந்த பிறகே முழுதாகப் பிடிப்பது). காரில் ஏற்கெனவே இருந்த 12 போல்ட் பின் ஆக்சிலுக்குள் புது பாசிட்ராக்‌ஷன் (சுருக்கமாகப் பாசி: இரண்டு பின்சக்கரங்களுக்கும் பலத்தைப் பகிர்ந்து, திருப்பத்தில் மட்டும் வழுக்கிக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்), புது ஆக்சில் ஷாஃப்ட்டுகள். கீழே டிரைவ்ஷாஃப்ட்டைச் சுற்றி நிற்கும் பாதுகாப்பு வளையமான டிரைவ்ஷாஃப்ட் லூப். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மீதியைக் கொடுத்துக் காரை எடுக்கும்போது எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாள் ஒன்றும் தந்தார்கள். அதில் 527 என்று அச்சாகியிருந்தது. எஞ்சின் எண் இல்லை, எந்தத் திருத்தக் கணக்கில் எடுத்த அளவு என்ற குறிப்பும் இல்லை. அந்தத் தாள் எந்த எஞ்சினுக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

சோனோமா ரேஸ்வேயில் புதன்கிழமை இரவுகளில் பொதுமக்களும் தங்கள் காரைக் கொண்டுபோய் கால் மைல் ஓட்டலாம். அங்கே காரைச் சோதித்த பெரியவர் டார்ச்சை அடித்துக் கீழே குனிந்து பார்த்தார். டிரைவ்ஷாஃப்ட் லூப் என்று என்னிடம் பணம் வாங்கிப் போட்டது, சைலன்சரைத் தொங்கவிடும் தகட்டுப் பட்டை. விரலால் அழுத்தினால் வளைந்தது. டிராக் ரேஸ்களை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி பட்டையாக இருந்தால் கால் அங்குலத் தடிமனும் 2 அங்குல அகலமும் இருக்க வேண்டும், முன் யுனிவர்சல் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஷாஃப்ட்டை முழுவதும் சுற்றி நிற்க வேண்டும். ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட்டின் முன்முனை தரையில் குத்திக் காரைத் தூக்கி எறிந்துவிடாமல் காப்பது அதுதான். சாதாரண ரோட் டயர் என்பதால் ஓட விட்டார். ஆனால் "இதை லூப் என்று யாரிடமும் சொல்லாதே" என்றார்.

ஓடி முடித்து வாங்கிய சீட்டில் 14.3 விநாடி, 98 மைல் வேகம்.

இந்த இரண்டு எண்களில் கடைக்காரர் எப்போதும் விநாடியைப் பற்றித்தான் பேசுவார். டயர் வழுக்கியது, கிளம்பத் தெரியவில்லை, இன்னும் பழக வேண்டும் என்பார். என்னிடமும் அதையேதான் சொன்னார். விநாடிக்கு அது ஓரளவு பொருந்தும். முடிவுக் கோட்டில் இருக்கும் வேகத்துக்குப் பொருந்தாது. கிளம்பும்போது கொஞ்சம் வழுக்கினாலும் கடைசி வேகம் பெரிதாகக் குறையாது, அதைத் தீர்மானிப்பது காரின் எடையும் எஞ்சினின் பலமும்தான். இதற்கு ரேஸ்காரர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: வேகத்தை 234-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி (அதாவது கனம் எடுத்து), பவுண்டில் காரின் எடையால் பெருக்க வேண்டும். ஆளோடு சேர்த்து என் கார் 3,800 பவுண்டு. 98 மைலுக்கு வருவது சுமார் 280 குதிரைத்திறன். 525 இருந்திருந்தால் 120 மைல் பக்கம் போயிருக்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு டயரைச் சாக்காகச் சொல்ல முடியாது. சோனோமா கடல் மட்டத்தை ஒட்டிய இடம் என்பதால் காற்று மெலிவு என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிறு கேமராவை உள்ளே விட்டார். மேடான பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் குழிந்த பிஸ்டன். வால்வு கவரைத் திறந்து ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் பார்த்தார், இன்டேக்கைக் கழற்றினார். பீனட் போர்ட் ஹெட், அதாவது காற்று வழி சிறிதாக உள்ளது. 80களில் ஜி.எம். டிரக்குகளில் வந்த 454 அது. இழுவைக்காகச் செய்த எஞ்சினுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்து, புது கார்புரேட்டரும் பளபளக்கும் கவர்களும் மாட்டி, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதுவரை நடந்தது ஏமாற்று வேலை. பின் ஆக்சிலில் செய்திருந்தது அதற்கும் மேலே.

பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் உள்பக்க டயர் கீச்சிட்டு உதைத்தது. புது கிளட்ச் தகடுகள், போகப் போகச் சரியாகிவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். புது மெக்கானிக் ஆயிலை வடித்துக் கவரைத் திறந்தார். பாசிட்ராக்‌ஷனே இல்லை. பழைய டிஃபரன்ஷியலின் உள் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பொரிப்பொரியாக உருகிய இரும்பு, அடியில் ஆயிலோடு கலந்த துகள்கள். ஆக்சில் ஷாஃப்ட்டும் மாற்றவில்லை, 1970-இல் வந்த அதே பழசு.

இந்த ஆக்சிலில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதன் உள்முனையில் இருக்கும் ஒரு சிறிய சி-கிளிப் மட்டும்தான். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் வெளிப்பாதி சக்கரத்தோடு சேர்ந்து அப்படியே வெளியே வந்துவிடும். வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பழைய ஷாஃப்ட்டுகள் முறுக்கு வாங்குகின்றன. அதனால்தான் டிஃபரன்ஷியலை இப்படி அசையாமல் பூட்டிவிட்ட கார் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரி, அதற்கு வலுவான மாற்று ஷாஃப்ட்டும் அதைத் தனியாகப் பிடித்து நிறுத்தும் அமைப்பும் கட்டாயம் என்று என்.எச்.ஆர்.ஏ. விதி சொல்கிறது. இதே காரில்தான் என் மகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி வைத்து ஒன்றைச் சுற்றினால் மற்றதும் அதே பக்கம் சுற்றும், அதுதான் பாசி என்று பலரும் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள், வெல்டிங் வைத்ததும் அப்படியேதான் சுற்றும். முன்சக்கரங்களுக்கு நன்றாக முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, டார்க் ரெஞ்சால் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் வகைப் பாசி குறிப்பிட்ட விசை வந்ததும் வழுக்கிக் கொடுக்கும். வெல்டிங் அசையவே அசையாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதல். இந்த மாநிலத்தில் கார் பழுது பார்க்கும் கடைகள் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அரசு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். பில்லில் என்ன வேலை, என்ன பார்ட்ஸ் என்று விவரம் இருக்க வேண்டும், பழைய பொருள் போட்டால் அதையும் எழுத வேண்டும். கழற்றிய பொருள்கள் வேண்டும் என்று காரை விடும்போதே எழுதிக் கேளுங்கள். என் பில்லில் எஞ்சின், ஆக்சில் எல்லாம் சேர்த்து ஒரே வரி, ஒரே தொகை. அந்த ஒரு வரியே இப்போது அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

புகாரோடு டைம் சீட்டு, கேமராப் படங்கள், இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்து அறிக்கை மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஆக்சில் வேலைக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடை சொல்கிறது, எஞ்சினைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், அடுத்து அங்கேதான்.

சென்ட்ரல் வேலி பக்கம் எந்தக் கடையிலாவது "பாசி போட்டாச்சு" என்று சொல்லி உங்களிடம் கார் கொடுத்திருந்தால், திருப்பும்போது டயர் உதைத்தால், கவரைத் திறந்து பார்க்கும் வரை ஓட்ட வேண்டாம்.