மின்னோட்டம்: தண்ணீர்க் குழாயா, சைக்கிள் செயினா?

ஒரே வகையான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, எது பிரகாசமாக எரியும் என்று கேட்டுப் பாருங்கள். "முதல் பல்பு" என்று பலர் தயங்காமல் சொல்வார்கள். அது மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்று நினைப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே எரியும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முன்னால், நடுவில், பின்னால் எங்கே இணைத்தாலும் முள் அதே இடத்தில் நிற்கும்.

மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் தண்ணீராகச் சொல்லிப் பாடம் நடத்துவது வழக்கம். இந்தக் குழப்பத்தில் அந்தத் தண்ணீர் உவமைக்கும் பங்கு உண்டு என்பேன். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் வாளியில் விழுந்து செலவாகிவிடுகிறது. அது தொட்டிக்குத் திரும்புவதை யார் பார்த்தார்கள்?

அதற்குப் பதில் சைக்கிள் செயினை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுங்கள். செயின் முழுவதும் சேர்ந்து நகரும். பின்சக்கரத்துப் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி அதே விசையில் சுற்றினால் பிரேக் கட்டை சூடேறும், செயின் முழுவதும் மெதுவாகும். கண்ணி ஒன்றுகூடக் குறையாது. மின்தடை செய்வதும் இதுதான். 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது அவை கம்பி வழியே முன்னேறும் சராசரி வேகம், நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான், ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறதே, ஏன்? பெடலுக்கு அருகில் இருக்கும் கண்ணி சக்கரம்வரை போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை அல்லவா?

மின்னோட்டம் கிளைகளாகப் பிரியும் பக்க இணைப்பு வந்ததும் செயின் கைவிட்டுவிடுகிறது, அதற்குக் கிளை பிரியத் தெரியாது. 6 வோல்ட் மின்கலத்தோடு 30 ஓம், 60 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், ஒன்றில் 0.2 ஆம்பியரும் மற்றொன்றில் 0.1 ஆம்பியரும் பாயும்; கிளைகள் கூடும் சந்தியில் சேர்ந்து 0.3 ஆம்பியர். இதற்குத் தண்ணீர்தான் சரி. கணக்கில் மட்டும் கவனம் வேண்டும்: நீளம் மாறாமல் கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால் மின்தடை 4 மடங்காகும், குழாயிலோ, சுழல் இல்லாத சீரான ஓட்டத்தில் தடை 16 மடங்காகிவிடும்.

பாடம் நடத்த என் தேர்வு, முதலில் செயின். சந்திகளுக்குப் போகும்போது தண்ணீர். அப்போதும் கரும்பலகையில் தொட்டியை மட்டும் வரையாதீர்கள். கீழே விழுந்த தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரையும் வரைந்து, அதன்மேல் "மின்கலம்" என்று எழுதுங்கள்.