உழைப்பவர்களுக்கென ஒரு தியான நாள்: அழகர்கோவில் சாலைக் கூடுகை பற்றிய மதிப்புரை

மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள தியான இல்லம் ஒன்றில், வேலைக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கென்று சில சபைகளைச் சேர்ந்தவர்கள் சனிக்கிழமைகளில் ஒருநாள் கூடுகை நடத்தி வருகிறார்கள். வேலை உயர்வுக்காகவும் மேலாளரின் தயவுக்காகவும் ஜெபிக்கும் கூட்டங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று. பில் போடுவதோ வார்டு பெருக்குவதோ பாடம் நடத்துவதோ, அன்றாடம் நாம் செய்கிற அந்த வேலை கடவுளுக்கு முன்பாக என்ன பொருள் பெறுகிறது என்ற ஒரே கேள்வியைக் காலையில் எடுத்துக்கொண்டு, மாலை வரை அதை விடாமல் பேசுகிறார்கள். விளக்குத்தூண் பகுதியில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்குப் பிரிவில் இருக்கும் நான், இதுவரை கலந்துகொண்ட தியானங்களுள் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

முதல் அமர்வு ஆதியாகமத்திலிருந்து தொடங்கியது. வேலை என்பது பாவத்தின் தண்டனை என்று நம்மில் பலர் சிறுவயதிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மனிதன் கீழ்ப்படியாமல் போனது மூன்றாம் அதிகாரத்தில். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவன் அங்கே வைக்கப்பட்டதோ இரண்டாம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. முள்ளும் வியர்வையும் பின்னால் வந்தவை, வேலை முன்னமே கொடுக்கப்பட்டது என்று போதகர் விளக்கியபோது, வேலைக்கும் வேலையின் வருத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு எனக்குத் தெளிவாயிற்று. யாத்திராகமம் 31இல் கைவினைஞரான பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பிரசங்கம் செய்வதற்காக அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் பதிக்கவும், மரம் செதுக்கவும்தான். செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் என்ற யாவருடைய தொழிலும் ஒருவருக்கொருவர் செய்யும் சேவையே என்றும், குருமார் மட்டுமே புனிதமானவர்கள் அல்லர் என்றும் மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதியதையும் சுருக்கமாகச் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதனோடு சேர்த்துச் சொன்ன செய்தி மதுரைக்காரர்களுக்கு நெருக்கமானது. மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் தேம்பாவணியைப் பாடியபோது, காப்பியத் தலைவனாகத் தேர்ந்துகொண்டது தச்சராகிய யோசேப்பை. போர்க்களம் காணாத, கைத்தொழிலால் குடும்பத்தைக் காத்த ஒருவரைத் தமிழ்க் காப்பியத்தின் நாயகனாக்கியது எவ்வளவு துணிவான செயல் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அதே யோசேப்பைத் தொழிலாளராக நினைவுகூரும் திருநாளைப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1955இல் மே முதல் நாளில் ஏற்படுத்தினார் என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

இந்த நாளின் உயிர்நாடி இரண்டாம் அமர்வு. எதைச் செய்தாலும் அதை மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யும்படி சொல்லும் கொலோசெயர் 3:23 அதற்கு ஆதாரமாக இருந்தது. நம் வீடுகளின் காலண்டர்களில் அடிக்கடி அச்சிடப்படும் வசனம் இது. போதகர் விளக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, சுங்குடிச் சேலைக்கு வீட்டிலிருந்தே முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் ஒரு அக்கா எழுந்து, “ஐயா, மனப்பூர்வமாய்த்தான் போடுகிறேன், கண் வலிக்கிறது, விரல் வலிக்கிறது. ஆனால் கூலியைக் கேட்டால் அடுத்த வாரம் வா என்கிறார்கள். கர்த்தருக்கென்று செய்கிறேன் என்று சொல்லி நான் சும்மா இருந்துவிட வேண்டுமா?” என்று கேட்டார். இப்படிப்பட்ட கேள்விக்குப் பொறுமையைப் பற்றி ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே போதகர் தாம் தயாரித்து வந்த குறிப்புகளை மூடி வைத்தார்.

அந்த வசனம் முதலில் அடிமைகளை நோக்கி எழுதப்பட்டது என்பதை மறைக்காமல் சொன்னார். பிறகு, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தை எல்லோரையும் சத்தமாக வாசிக்கச் செய்தார். பரலோகத்தில் தங்களுக்கும் ஓர் எஜமான் உண்டென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யும்படி எஜமான்களுக்குக் கட்டளையிடும் வசனம் அது. அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24:15ஐயும், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு 5:4ஐயும் அடுத்தடுத்து எடுத்தார். “உங்கள் உழைப்பை நீங்கள் கர்த்தருக்குக் கொடுக்கிறீர்கள் அம்மா, உங்கள் கூலியை நிறுத்தி வைக்கிறவர் அதையும் அவரிடமிருந்தே நிறுத்தி வைக்கிறார். கேளுங்கள், சேர்ந்து போய்க் கேளுங்கள்” என்றார். கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தையும் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவ முதலாளிகள் சட்டம் வருவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டாமா என்று அவர் கேட்டபோது, மண்டபத்தில் இருந்த கடைப் பெண்களின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். விசுவாசத்தைக் கொண்டு உழைப்பவரின் வாயை அடைக்காத இந்த நேர்மைக்காகவே இந்தக் கூடுகையை நான் பரிந்துரைக்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு தாளின் இடப்பக்கத்தில் நேற்றுச் செய்த வேலைகளையும், வலப்பக்கத்தில் அந்த வேலை கடைசியில் யாரைச் சென்று சேர்கிறது என்பதையும் எழுத வேண்டும். சரக்கை லாரியில் அனுப்பத் தேவையான மின்னணு ஆவணமாகிய இ-வே பில்லை நான் தயாரிப்பதை எழுதினேன். வாகன எண் தவறாகப் பதிவானால், வழியில் நடக்கும் சோதனையில் லாரி நிறுத்தப்படலாம். ஓட்டுநர் வீடு திரும்புவது தள்ளிப்போகும். தேனியிலோ உசிலம்பட்டியிலோ பண்டிகை வியாபாரத்துக்குச் சரக்கை எதிர்பார்த்திருக்கும் சிறு கடைக்காரர் தவித்துப்போவார். திரையில் எண்களாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த வேலைக்குப் பின்னால் இத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை எழுதிப் பார்த்தபோது உண்டான மகிழ்ச்சி உண்மையானது. இப்போதும் காலையில் கணினியைத் திறக்கும்போது அந்த ஓட்டுநர்களுக்காக ஜெபித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வேலை எளிதாகிவிடவில்லை, மாத இறுதியின் நெருக்கடி அப்படியே இருக்கிறது. ஆயினும் யாருக்காகச் செய்கிறேன் என்ற தெளிவோடு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. லஞ்சம், பொய்க் கணக்கு, பெண்களுக்கு வேலையிடத்தில் நேரும் தொல்லை ஆகியவற்றைப் பற்றிய கடைசி அமர்வு அவசரமாக முடிக்கப்பட்டது. மதிய உணவுக்கு முன் நீண்டுபோன பாடல் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் ஓய்வுநாளை எப்படிக் கைக்கொள்வது என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கவில்லை. ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உரியது என்று பத்துக் கட்டளைகளிலேயே சொல்லப்பட்டிருக்க, இதைத் தவிர்த்திருக்க வேண்டாம். குழுக் கலந்துரையாடலில் ஆண்களே அதிகம் பேசினார்கள். குழுவை நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை இழந்து நிற்பவர்களுக்கும், கூலியில்லாமல் வீட்டில் உழைப்பவர்களுக்கும் தனியாக எதுவும் சொல்லப்படவில்லை.

கட்டணம் கிடையாது, விரும்பியவர்கள் காணிக்கை உறையில் போடலாம். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் எளிமையாக, சுவையாக இருந்தன. அழகர்கோவில் செல்லும் நகரப் பேருந்தில் போய் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். வெயில் காலத்தில் குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்வது நல்லது. வேதாகமமும் பேனாவும் கட்டாயம் தேவை. கடை முதலாளிகளுக்கும் நிறுவன மேலாளர்களுக்கும் இதேபோல் ஒரு நாளை நடத்தும்படி நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். அறுப்பின் பண்டிகை முடிந்ததும் அதைப் பற்றி முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.