சர்க்கரையைப் பார்த்துத் திறக்கும் பாலிமர்: எங்க ஊர் மே மாதத்தை எது தாங்கும்?

போன மே மாதம் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் அப்பத்தாவுக்குச் சுகர் பார்த்தால் 312 காட்டியது. முந்தின ராத்திரி இரண்டே இட்லி சாப்பிட்டவருக்கு இது எப்படி வரும் என்று குழம்பி, புது ஸ்ட்ரிப் டப்பாவைப் பிரித்து மறுபடி குத்தினேன். 164. பழைய டப்பாவைத் தேடினால், மூடி சரியாக அழுந்தாமல் நான்கைந்து நாளாக வளவு ஜன்னல் திட்டில் வெயிலில் கிடந்திருக்கிறது. "மெசினு கெட்டுப்போச்சாப்பா?" என்றார். மெஷின் கெடவில்லை, ஸ்ட்ரிப் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கிற என்சைம்தான் சூட்டிலும் ஈரத்திலும் சோர்ந்துபோயிருக்கிறது என்றேன். அவருக்கு அது மெஷின் கெட்ட மாதிரிதான்.

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு காரைக்குடியில் சித்தப்பாவின் மெடிக்கலில் உட்கார்ந்திருக்கிறவன் நான். அதனால் 'ஸ்மார்ட் பாலிமர்' பற்றி எங்கே படித்தாலும், இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு முன்னால் இதை எந்த அலமாரியில் வைப்பது என்றுதான் எனக்குத் தோன்றும். உடம்புக்குள் போய் என்ன ஜாலம் காட்டினாலும் சரி, அதற்கு முன்னால் எங்கள் ஊர் அக்னி நட்சத்திரத்தை அது தாண்ட வேண்டும். அந்தக் கண்ணோடுதான் நான்கைந்து போட்டியாளர்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஸ்மார்ட் பாலிமர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றியிருப்பதில் ஏதாவது மாறினால், சூடோ புளிப்போ சர்க்கரையோ, தானும் விரியவோ சுருங்கவோ கரையவோ செய்கிற நீளமான சங்கிலி மூலக்கூறு. அந்த மாற்றத்தைப் படித்து அளவு சொன்னால் அது சென்சார். அந்த மாற்றத்திலேயே உள்ளே வைத்த மருந்து வெளியே வந்தால் அது மருந்துக் கிடங்கு. சென்சார் என்பதே நமக்குப் புதிதில்லை, கல்யாணத்துக்கு ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்கிற அளவைப் பார்க்கிற சென்சார்தான். அதே மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் படலத்தில் கலந்து, மீன் கெட ஆரம்பித்தால் நிறம் மாறுகிற பொட்டல உறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் வெப்பத்துக்கு மசிகிற வகை. இதில் ஹீரோ பினிபாம், முழுப்பெயர் பாலி என்-ஐசோப்ரொப்பைல் அக்ரிலமைடு. தண்ணீரில் 32 டிகிரிக்குக் கீழே தெளிவாகக் கரைந்திருக்கும், அதைத் தாண்டினால் சங்கிலி தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டு, முட்டை வெள்ளை வேகிற மாதிரி வெண்மையாகிவிடும். முட்டை வெந்தால் வெந்ததுதான், இது ஆறினால் பழையபடி தெளிந்துவிடும். (எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளை சேர்த்ததாகப் பெரியவர்கள் சொல்வதால் இந்த உவமை தானாக வந்து விழுகிறது.) மருந்துக்கு இதை வைத்து யோசித்தது அழகான யோசனை: குளிர்ச்சியாகத் திரவமாக ஊசியில் ஏற்றி, தோலுக்கடியில் போட்டதும் 37 டிகிரியில் கட்டியாகி அங்கேயே உட்கார்ந்து, மருந்தை மெதுவாக விடும்.

குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில் சரி. இங்கே மே மாதம் மதியம் அறைக்கும் உடம்புக்கும் வித்தியாசமே கிடையாது, பல நாள் அறைதான் ஜெயிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அப்பத்தா வந்து உட்கார்ந்து, கையைக் காட்டி, ஸ்பிரிட் தடவி முடிப்பதற்குள் சிரிஞ்சுக்குள்ளேயே கட்டி தட்ட ஆரம்பித்துவிடும். நீரை விரும்புகிற அக்ரிலிக் அமிலம் போன்றதைச் சங்கிலியில் கோர்த்து அந்த 32-ஐ மேலே ஏற்றலாம்தான், ஆனால் ஏற்ற இருக்கிற இடமே ஐந்து டிகிரி. அதோடு பினிபாம் உடம்பில் கரைந்து போகாது, சரியாகக் கழுவாமல் மிச்சம் விட்ட மூலப்பொருள் நரம்புக்கு ஆகாது. இது ஜெயித்த இடம் வேறு. இந்தப் பாலிமர் பூசிய தட்டில் செல்களை 37 டிகிரியில் வளர்த்துவிட்டுக் குளிரவைத்தால் முழுத் தாளாக உரிந்து வருகிறது, ஜப்பானில் டெருவோ ஓகானோ இதைச் செய்து காட்டினார். அங்கே ஏசி உண்டு, அதனால் கவலையில்லை.

பி.எச்.-க்கு மசிகிற வகை நேர் எதிர். யாரும் அதை ஸ்மார்ட் என்று கொண்டாடுவதில்லை, ஆனால் தினமும் கவுண்டரில் அதைத்தான் விற்கிறேன். பான்டாப்ரசோல், அதாவது கேஸ் மாத்திரை. அந்த மருந்து வயிற்றுப் புளிப்பில் உடைந்துவிடும், அதனால் வயிற்றில் கரையாமல் குடலில் கரைகிற மெத்தாக்ரிலிக் அமிலப் பாலிமரை மேலே பூசுகிறார்கள். யூட்ராஜிட் என்கிற வரிசையில் பி.எச். 5.5-இல் கரைவது ஒன்று, 6-இல் கரைவது ஒன்று, 7-இல், கிட்டத்தட்ட பெருங்குடல் வாசலில் கரைவது ஒன்று என்று தனித்தனியாக உண்டு. காய்ந்த படலம், அலுமினிய அட்டைக்குள் நம் ஊர்க் கோடையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஒரு ஆச்சி மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று இடிகல்லில் நசுக்கித் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நெஞ்செரிச்சல் போகவில்லை என்று மூன்றாம் முறை வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. பாலிமரை இடித்தாச்சு, அப்புறம் மருந்து எப்படிக் குடலுக்குப் போய்ச் சேரும்?

விலையிலும் தாங்குவதிலும் பி.எச். வகைக்கே என் ஓட்டு. ஆனால் அது புளிப்பை மட்டும்தான் பார்க்கும், குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை அடையாளம் காணாது. சர்க்கரையை அடையாளம் காண வேண்டும் என்றால் ஆட்டம் வேறு, உண்மையான போட்டியே அங்கேதான்.

ஒரு பக்கம் என்சைம். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் இதை மின்முனை மேல் வைத்துக் குளுக்கோஸை அளக்கலாம் என்றார்கள். (அதற்கு 14 வருடம் முன்பே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து எங்கள் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் போட்டாயிற்று என்பதைச் சொல்லாமல் ஒரு காரைக்குடிக்காரனால் இந்த இடத்தைக் கடக்க முடியாது.) என்சைமின் பலம் அதன் கண். பக்கத்தில் எத்தனை சர்க்கரை நின்றாலும் குளுக்கோஸை மட்டும் பிடித்து, ஆக்ஸிஜனைச் செலவழித்து, குளுக்கோனிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்கிவிடும். பலவீனம், அது ஒரு புரதம். சூடு ஆகாது, நாளாக நாளாகத் தளரும். திசுவுக்குள் ஆக்ஸிஜன் குறைந்தால் சர்க்கரை ஏறியிருந்தாலும் குறைத்துச் சொல்லும்.

அந்த ஆக்ஸிஜன் பிரச்சனையைத் தீர்த்ததே ஒரு பாலிமர்தான். ஆடம் ஹெல்லர் என்கிற ஆய்வாளர் ஆஸ்மியம் என்கிற உலோகத்தைக் கோர்த்த ஜெல்லுக்குள் என்சைமைப் புதைத்து, எலக்ட்ரான் அந்தப் பாலிமர் வழியாகவே மின்முனைக்கு ஓடும்படி செய்தார். கரண்ட் கம்பி இழுத்த மாதிரி. 14 நாள் கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை பார்க்கிற லிப்ரே சென்சாரில் இருப்பது அதுதான். வேறு என்சைம் வைத்த ஸ்ட்ரிப்களும் நிறைய உண்டு, எல்லாவற்றுக்கும் கண் ஒரே கூர்மை இல்லை. சில வகை மால்டோஸ் என்கிற வேறொரு சர்க்கரையையும் குளுக்கோஸ் கணக்கில் சேர்த்து ஏற்றிச் சொன்னதால், வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அவை ஆகாது என்று 2009-இல் அமெரிக்காவில் எச்சரிக்கையே வந்தது.

எதிர்ப் பக்கம் ஃபீனைல் போரானிக் அமிலம். புரதம் கிடையாது, சின்ன மூலக்கூறு, பாலிமர்ச் சங்கிலியில் அங்கங்கே தொங்கவிடலாம். சர்க்கரையில் அருகருகே இருக்கிற இரண்டு ஹைட்ராக்சில் குழுக்களை இடுக்கி போலப் பிடிக்கும், சர்க்கரை குறைந்தால் விட்டுவிடும். குளுக்கோஸைச் செலவழிப்பதில்லை, ஆக்ஸிஜன் கேட்பதில்லை. பிடித்தவுடன் மின்சுமை கூடி ஜெல் உப்பும். என் மெடிக்கல் அலமாரிக்கு இதுதான் மாப்பிள்ளை என்று படிக்கும்போதே தோன்றிவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கண் கொஞ்சம் மட்டு. இரத்தத்தின் பி.எச்.-இல் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸை முப்பது மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். நல்லவேளை, இரத்தத்தில் ஃபிரக்டோஸ் சொற்பம், அதனால் தப்பிக்கிறோம். இன்னொரு தலைவலி, அதற்குப் பி.எச். 9-ஐ ஒட்டிய காரத்தன்மைதான் பிடிக்கும். இரத்தம் 7.4. ஆகவே எலக்ட்ரானை இழுக்கிற குழுக்களை வளையத்தில் சேர்த்து, அல்லது பக்கத்தில் நைட்ரஜன் உள்ள ஒரு அமீன் குழுவை உட்காரவைத்து, அந்த 9-ஐக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கே ஆராய்ச்சிக்காரர்களின் பல வருடம் போயிருக்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் கையில் போடுகிற சென்சாரைப் பாருங்கள். லிப்ரே 14 நாள். எவர்சென்ஸ் என்று ஒன்று, போரானிக் அமிலம் கோர்த்து ஒளிர்கிற ஜெல்லைச் சுற்றிய சின்னக் குச்சி, டாக்டர் மேல்கைத் தோலுக்கடியில் வைத்துவிடுவார். அமெரிக்காவில் 2018-இல் 90 நாளுக்கு அனுமதி வாங்கி, 2024-இல் ஒரு வருடத்துக்கு வந்துவிட்டது. 14 எங்கே, 365 எங்கே. ஆனால் சும்மா வரவில்லை. அந்நியப் பொருளைக் கண்ட உடம்பு ஹைட்ரஜன் பெராக்சைடை வீசும், அது போரானைத் தின்றுவிடும். அதனால் தனக்குப் பதில் அடி வாங்குவதற்கென்றே இன்னொரு போரானிக் அமிலத்தையும் கூட வைத்தார்கள். விரலில் குத்திச் சரிபார்ப்பது அதில் இன்னும் போகவில்லை. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அளவு குறைத்துக் காட்டக்கூடும். என்னைக் கேட்டால், இன்றைக்கு இரண்டு வாரத்துக்கு நம்பி ஒட்ட என்சைம், ஆயுசுக்குப் போரான்.

நடுவில் வந்து போன இரண்டு பேரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கான்கனவாலின் ஏ என்கிற புரதம் சர்க்கரையைப் பிடிக்கும், 1979-இல் பிரவுன்லீயும் செராமியும் அதில் சர்க்கரை ஒட்டிய இன்சுலினைப் பிடித்துவைத்து, குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் கழன்றுவரச் செய்தார்கள். நம் தோட்டத்துத் தம்பட்டங்காயின் பங்காளிக் கொடியிலிருந்து எடுத்ததுதான் அது. வெளியே கசிந்தால் உடம்பின் எதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிடும் என்பதால் வீட்டுக்கு வரவில்லை. இன்னொன்று அச்சுப் பதித்த பாலிமர். உள்வீட்டு இரும்புச் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்சு எடுப்பார்களே, அதே வேலை: மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை இறுகவைத்து, மூலக்கூறைக் கழுவி எடுத்துவிட்டால் அதன் உருவத்தில் பள்ளம் மிஞ்சும். 1993-இல் மோஸ்பாக் குழு இப்படித் தியோஃபிலின் என்கிற ஆஸ்துமா மருந்தை அளந்து காட்டியது. வெயிலைத் தாங்குவதில் எல்லாரையும் தோற்கடிக்கும். ஆனால் குளுக்கோஸ் போலத் தண்ணீரில் மூழ்கியே கிடக்கிற மூலக்கூறுக்கு அச்சு பிடிப்பது கஷ்டம், பள்ளத்தில் தண்ணீரே போய் உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது மருந்து விடுகிற பக்கம். இங்கே கண்ணைவிடக் கதவு முக்கியம். சர்க்கரை ஏறும்போது திறப்பதைப் பலரும் செய்துவிட்டார்கள், இறங்கும்போது சீக்கிரம் மூட வேண்டும். மூடாவிட்டால் ராத்திரி தூக்கத்திலேயே லோ சுகர். ஜெல் உப்பவும் சுருங்கவும் ஆகும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தோடு கூடும், ஒரு மில்லிமீட்டர் ஜெல்லைவிட அதில் பத்தில் ஒரு பங்குத் தடிமன் உள்ளது நூறு மடங்கு வேகம். தோலுக்கடியில் கட்டியாக வைக்கிற யோசனையைவிட, மயிரிழை ஊசிகள் நிறைந்த பேட்ச் பக்கம் ஆராய்ச்சி சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

என்சைம் வைத்த ஜெல் இந்தக் கதவு விஷயத்தில் கொஞ்சம் சோம்பேறி. குளுக்கோனிக் அமிலம் உண்டாகி, பி.எச். இறங்கி, அதைப் பார்த்து ஜெல் மாற வேண்டும், இரத்தமோ எந்த அமிலத்தையும் உடனே சமன் செய்கிற சுபாவம். ஜென் கூ என்பவரின் குழு 2015-இல் எலிகளில் காட்டிய பேட்சில் என்சைம் இருந்தது, அது ஆக்ஸிஜனைத் தின்று தீர்ப்பதையே திறவுகோலாக்கியிருந்தார்கள். அதே குழு 2020-இல் 25 கிலோவுக்கு மேற்பட்ட குட்டிரகப் பன்றிகளில் காட்டியபோது என்சைமை விட்டுவிட்டு ஃபீனைல் போரானிக் அமிலத்துக்கு வந்துவிட்டது. நாணயம் அளவு பேட்ச். ஒரே ஆட்கள் ஐந்து வருடத்தில் கட்சி மாறியதைவிடப் பெரிய ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களுக்கு இப்படி ஒரு பேட்ச் எந்தக் கடையிலும் இன்னும் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்பத்தாவிடம் பன்றிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அதை ஃபிரிட்ஜுல வைக்கணுமா வேணாமா?" என்றார். பாலிமர் வெயிலைத் தாங்கிவிடும், உள்ளே இருக்கிற இன்சுலின் தாங்காதே அப்பத்தா என்றேன். பிரித்த பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால்தான் ஏறக்குறைய நாலு வாரம் வரும். "அப்ப இதுல என்ன புதுசு" என்று எழுந்துபோய், இரண்டாம் கட்டில் ஈர மணலில் வைத்திருக்கிற மண்பானையில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். அவருடைய இன்சுலின் கரண்ட் போகிற நாளெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.