கதவைத் திறந்துவிடுபவரா, கேட்டுச் செய்பவரா?

என் முதல் உறவு நீடித்த இரண்டரை ஆண்டுகளில், அவர் உடன் இருந்தபோது நான் கார் கதவை என் கையால் திறந்தது மிக அரிது. வண்டி நின்றதும் அவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, நான் காலூன்றி நிற்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது என்னோடு வாழ்பவர் இந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. என் தோள் பை கனமாகத் தெரிந்தால் "நான் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்பார், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவார். இணைகளுக்கு இடையிலான உபசாரத்தின் இந்த இரண்டு முறைகளையும் உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் இவற்றை ஒப்பிட முயல்கிறேன். என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

முதல் முறையில், ஆண் செய்வார், பெண் ஏற்றுக்கொள்வார். கதவு, நாற்காலி, பில், வீடுவரை கொண்டுவந்து விடுவது எல்லாமே அவர் பொறுப்பு. இரண்டாவது முறையில், யாருக்கு எப்போது முடிகிறதோ அவர் கேட்டுச் செய்வார். அடுத்த முறை மற்றவர் செய்வார். நேரத்துக்கு வருவது, பேசும்போது போனை எடுக்காமல் இருப்பது, பரிமாறுபவரிடம் மரியாதையாகப் பேசுவது போன்றவை இரண்டு முறைகளுக்கும் பொது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பில்லைப் பைசா சுத்தமாகப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு. அதில் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் ஒருவருக்காக ஒருவர் எதையும் செய்யாததை உபசாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் முறைக்கு உரிய நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் தயக்கம் கிடையாது. முன்பின் பழகாத இருவர் சந்திக்கும் மாலையில், யார் எதைச் செய்வது என்ற குழப்பமே எழாமல் போவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல், பெண் பாதுகாக்கப்பட வேண்டியவள், போற்றப்பட வேண்டியவள் என்ற பரிவின் வழியாகவே வரும் பாகுபாட்டைத் தனியாக வரையறுத்தார்கள். ஆனால் அந்தப் பரிவு நம்மைக் கவரவும் செய்கிறது. பெலின் குல், டாம் குப்ஃபர் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நடந்துகொள்ளும் ஆண்கள் தங்களைச் சற்றுச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று உணர்ந்த பெண்களும் அவர்களையே கூடுதலாக விரும்பினார்கள். தமக்காக உழைக்கவும் உடன் நிற்கவும் தயாரானவர் என்று அந்தச் செய்கைகள் தெரிவித்ததே காரணம். அந்த முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கதவு திறக்கப்பட்ட முதல் நாள் நானும் அப்படித்தான் உணர்ந்தேன்.

ஆகவே, முதல் மூன்று மாதங்களை மட்டும் வைத்து முடிவு செய்வதானால் பழைய முறையே வெல்லும் என்பேன். என் தீர்ப்பை மாற்றியது அதற்குப் பிறகு வந்த காலம். ஒரு வண்டி வாங்கும்போது விலையைவிடப் பராமரிப்புச் செலவைப் பார் என்பார்களே, அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன்: இந்த உபசாரத்தை நாள்தோறும் உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும், அதை யார் செய்வது, ஒருநாள் செய்ய முடியாமல் போனால் என்ன ஆகும்?

அந்த ஒருநாள் எங்களுக்கு வந்தது. ஒரு நண்பரின் திருமண வரவேற்புக்குப் போகும் வழியில் ஏதோ சின்ன விஷயத்தில் பேச்சு முற்றிவிட்டது. மண்டபத்தின் முன் வண்டியை நிறுத்தியவர் இறங்கினார், தன் பக்கக் கதவைச் சாத்தினார், திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மடியில் பரிசுப் பெட்டியோடு, வழக்கம்போலக் காத்திருந்தேன். அவர் வரமாட்டார் என்பது புரிய ஓரிரு நிமிடங்கள் ஆயின. கதவைத் திறக்க எனக்கு யார் தயவும் தேவையில்லை. ஆனாலும் கைப்பிடியை நான் தொட்டபோது, ஏதோ பறிக்கப்பட்டதுபோல இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அன்பின் அடையாளமாக இருந்த ஒன்று, செய்யாமல் விடப்பட்டதாலேயே தண்டனையாக மாறியிருந்தது. அதன் பிறகு அவர் களைப்பினால் மறந்த நாட்களிலும், இது மறதியா கோபமா என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அவருக்கும் அது பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் எழுந்து சுற்றி வந்தாக வேண்டிய கடமை அது. ஒருவர் மட்டுமே செய்யும் மரியாதைக்கு விடுமுறை எடுக்க வழி கிடையாது.

பில் விஷயத்திலும் இதே சுமை இருப்பதை 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்தக் கணிப்பில், பழகிச் சில காலம் ஆன பிறகும் பெரும்பகுதிச் செலவை ஆண்களே ஏற்கிறார்கள் என்று 84 சதவீத ஆண்களும் 58 சதவீதப் பெண்களும் சொன்னார்கள். பெண்ணும் பங்களிக்க வேண்டும் என்று 64 சதவீத ஆண்கள் கருதினார்கள். ஆனால் பெண்ணின் பணத்தை வாங்கும்போது குற்ற உணர்வு வருகிறது என்றார்கள் 76 சதவீதம் பேர். நான் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவர் மறுத்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பியதாக 39 சதவீதப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். இரு தரப்பும் மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் நடப்பதைத்தான் நான் பராமரிப்புச் செலவு என்கிறேன்.

இரண்டாவது முறையில் செலவு முன்கூட்டியே வருகிறது. தொடக்கத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். "வாங்கிக்கட்டுமா?" என்ற கேள்வி முதல் சில சந்திப்புகளில் தயக்கமாகவும், சில நேரம் அக்கறைக் குறைவாகவும் பட்டது, கேட்காமலே புரிந்துகொள்ள மாட்டாரா என்ற ஏக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் சலிப்புதான். ஆனால் கேள்விகள் மெல்லக் குறைந்தன. காய்கறிப் பையை நானே தூக்குவேன், மாடிப்படியில் சூட்கேஸை மட்டும் அவரிடம் கொடுத்துவிடுவேன் என்பதெல்லாம் ஆறேழு மாதங்களில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவர் பெரும்பாலும் கேட்பதில்லை, தவறுவதும் இல்லை. வெளியே போனால் ஒருமுறை அவர் பணம் கொடுப்பார், மறுமுறை நான். யார் முறை என்பது மறந்துபோனால் யாருடைய கை முதலில் நீள்கிறதோ அவர் கொடுப்பார்.

சென்ற ஆண்டு அவருக்கு மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். அந்த மூன்று வாரமும் அவருடைய லேப்டாப் பையை நான் சுமந்தேன், கதவுகளைத் திறந்தேன், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக் கொடுத்தேன். அவர் கூச்சப்படவில்லை, எனக்கும் எதுவும் தலைகீழாகிவிட்டதாகத் தோன்றவில்லை. முதல் உறவில் இதே மூன்று வாரம் வந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஏற்பாட்டில் நான் செய்வதற்கென்று ஓர் இடமே இருக்கவில்லை.

என் அனுபவத்துக்கு எல்லை உண்டு. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதிப்பவர்கள். வருமானத்தில் பெரிய இடைவெளி உள்ள இணைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது பொருந்தாமல் போகலாம். இரண்டே உறவுகளை வைத்துப் பேசுகிறேன் என்பதும், முதலாமவரின் குணத்தையும் அவர் கைக்கொண்ட முறையையும் என்னால் முழுதாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. கோபத்திலும் கதவைத் திறந்துவிடும் ஆண்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பழைய முறையில் இருந்துகொண்டு, இது எங்களுக்கு எப்படிப் போகும் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சிறிய சோதனையைச் சொல்வேன். ஒருநாள் நீங்கள் இரண்டடி முந்திச் சென்று, அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் உறவில் நான் அதைச் செய்தபோது அவர் முகம் சுருங்கியது. "இதெல்லாம் நீ செய்யக்கூடாது" என்று சொல்லி, கதவை என் கையிலிருந்து வாங்கி, என்னை முன்னே போகச் சொன்னார். இப்போது இருப்பவர் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த கதவை அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.